மொட்டைத் தலையோடு வந்த அண்ணன்

போன கோடையில் ஜேர்மனியின் ஊன்ட்றொப் அம்மன் கோவில் தேரன்று நாங்கள் கொஞ்சப் பேர் கால்வாய்க்கரைப் புல்லில் துணி விரித்து இருந்தோம். எங்கள் வீட்டார் கத்தோலிக்க வேதக்காரர்தான், ஆனாலும் தேரை விட்டதில்லை. முழங்கால் நோவு, பிள்ளைகளின் படிப்பு என்று சுற்றிக்கொண்டிருந்த பேச்சு, பதினெட்டு வயதாகும் பெடியளுக்கு இனிப் பட்டாளத்தில் சேர விருப்பமா என்று கேட்டுக் கடிதம் வரப்போகிறதாம் என்ற இடத்தில் வந்து நின்றது. “என்ரை மகன் காலமை எழும்பிறதுக்கே நான் தண்ணி தெளிக்க வேணும். அவனை வைச்சு இவங்கள் என்னெண்டு சண்டை பிடிக்கப் போறாங்கள்?” என்று உங்களில் ஒருத்தி சொல்ல எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே நான் கால்வாயின் கரை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. அன்றைக்கு ஏன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கும் என் வயதுதான், நீங்களும் இங்கே பிள்ளைகளாக வந்து இறங்கியவர்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

பேர்லின் மதில் விழுந்த அடுத்த வருடம். எனக்குப் பன்னிரண்டு வயது. அதே கால்வாயில் சில ஊர்கள் தள்ளி ஒரு சின்ன நகரம். சீனச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் நாங்கள் இருந்தோம். அப்பா கீழே அந்தக் கடையில் கோப்பை கழுவினார். அம்மா பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்தா. வீட்டுக்குள் எப்போதும் சோயா சோஸும் பொரித்த எண்ணெயும் மணக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருக்கிற பிள்ளை என் சட்டையை முகர்ந்துவிட்டுத் தள்ளி இருக்கும்.

அண்ணன் யாழ்ப்பாணத்தில் இருந்தான். அம்மாவையும் என்னையும் கூப்பிட்டபோது அவனைக் கூப்பிடாமல் விட்டது அப்பாவின் முடிவு. பல்கலைக்கழகத்துக்குப் போகிற ஏ.எல். சோதனை முடியட்டும், இங்கே வந்தால் படிப்புக் கெட்டுவிடும் என்றார். தொலைபேசியில் கதைக்கும்போதெல்லாம், “தம்பி, படிக்கிற பெடியனை ஒருத்தரும் தொடமாட்டாங்கள். நீ உன்ரை பாட்டிலை படி” என்று சொல்லுவார். அப்பாவின் காலத்தில் அது உண்மையாக இருந்திருக்கலாம். ஆனால் மதில் விழுந்த வருடக் கடைசியில் ஊரில் நின்ற அன்னியப் படை வெளிக்கிட ஆயத்தமானது. அந்தப் படை போன பிறகு நிற்பதற்கு ஒரு பட்டாளம் வேண்டும் என்று, அவர்களோடு சேர்ந்து நின்றவர்கள் தெருவில் போகிற பெடியளை வாகனத்தில் ஏற்றினார்கள். ரியூசனுக்குப் போன அண்ணனையும் சந்தியில் வைத்து ஏற்றிவிட்டார்கள். சைக்கிள் மட்டும் மதிலோடு சாத்தியபடி நின்றதாம்.

அந்தச் செய்தி வந்த நாளில் இருந்து அம்மா தொலைபேசிக்குப் பக்கத்தில் செபமாலையோடு இருந்தா. சோதனையைப் பற்றி அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் பேசவே இல்லை. பங்குனி மட்டில், பிடித்துக்கொண்டு போனவர்கள் சிதறி ஓடிவிட்டார்கள், அண்ணன் தப்பிக் கொழும்புக்கு வந்துவிட்டான் என்று ஊரில் இருந்த மாமா தொலைபேசியில் எடுத்துச் சொன்னார். பிறகு ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனோடு வெளிக்கிட்டுவிட்டான் என்றார்கள். அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

எங்களுக்கு இங்கே வேறு ஒரு பயமும் இருந்தது. ஸ்டேசன் சுரங்கப்பாதையில் தலையை ஒட்ட வழித்த பெடியள் நிற்பார்கள். கனத்த சப்பாத்து, தடித்த ஜக்கெட், கையில் பியர்ப் போத்தல். ‘கிளாட்ஸ’ என்று பள்ளிக்கூடத்தில் அவர்களைச் சொல்லுவார்கள், மொட்டையர் என்று அர்த்தம், வெளிநாட்டுக்காரரைக் கண்டால் அடிக்கிற கூட்டம். ஒருநாள் அவர்கள் எறிந்த போத்தல் அப்பாவின் காதோரம் உரசிக்கொண்டு போய்ச் சுவரில் வெடித்தது. “மொட்டையைக் கண்டால் நிண்டு பாக்காதை. ஓடு” என்று அப்பா எனக்குச் சொல்லி வைத்திருந்தார்.

சித்திரை கடைசி இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு அந்தச் சுரங்கப்பாதையால் வருகிறேன். எதிர்ப்பக்கப் படியில் ஒரு மொட்டை இறங்கி வந்தான். தடித்த ஜக்கெட், தோளில் பை. விளக்கு அவனுக்குப் பின்னால் எரிந்ததால் முகம் தெரியவில்லை. என்னைக் கண்டதும் நின்றான், பிறகு வேகமாக என்னை நோக்கி வந்தான். நான் ஓடினேன். அவனும் ஓடிவந்தான். ஏதோ கத்தினான். என் காதில் என் மூச்சு மட்டும்தான் கேட்டது. தெருவைத் தாண்டி, கடையின் பின் முற்றத்துக்குள் விழுந்து, “கிளாட்ஸ! கிளாட்ஸ!” என்று கத்திக்கொண்டு குசினிக்குள் புகுந்தேன்.

கடையின் சமையல்காரர் இறைச்சி வெட்டுகிற கத்தியோடு வெளியே பாய்ந்தார். ஐம்பது தாண்டிய, உயரமான சீனர். அவர் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தேன். முற்றத்தின் நடுவில் குப்பைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அந்த மொட்டை நின்றான். பையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்தபடி அசையாமல் நின்றான்.

“தங்கச்சி, நானடி” என்றான்.

சத்தம் கேட்டு மேலே இருந்து இறங்கி வந்த அம்மா படியிலேயே நின்றுவிட்டா. அவவுக்கும் ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு அவன் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினா. அவை இலேசில் இறங்கவில்லை.

தப்பி ஓடினால் எங்கே கண்டாலும் தெரியவேண்டும் என்று முகாமில் எல்லோருக்கும் தலையை வழித்துவிட்டார்களாம். முளைத்து வந்ததை, கள்ளப் பாஸ்போட்டில் இருந்த ஆளின் தலை மொட்டை என்பதால், ஏஜென்சிக்காரன் கொழும்பில் மறுபடி வழித்துவிட்டானாம். இவ்வளவும்தான் அவன் எங்களுக்குச் சொன்னது. மிச்சத்தை அப்பா கேட்கவில்லை. கேட்க விடவும் இல்லை.

இங்கே அவனை யாரும் மொட்டையர் கூட்டத்தோடு சேர்த்துப் பார்த்துவிடக் கூடாது, அந்தக் கூட்டமும் அவனைக் கண்டு சீண்டக் கூடாது என்று அம்மா நீலக் கம்பளி நூலில் ஒரு தொப்பி பின்னிக் கொடுத்தா. வைகாசி வெயிலிலும் அதைப் போட்டுக்கொண்டு கடைக் குசினியில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று கோப்பை கழுவினான். நெற்றியால் வியர்வை ஒழுகும், கழற்றமாட்டான். பேச்சு குறைந்துவிட்டது. நான் ஊரில் விட்டு வந்த அண்ணன் சாப்பாட்டு மேசையில் முட்டைப் பொரியலுக்காக என்னோடு மல்லுக்கு நிற்பவன். இவன் கோப்பையில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, சுவரில் முதுகு பட இருப்பான். படுக்கையில் படுக்கமாட்டான். விடியும்போது பார்த்தால் கதவுக்குப் பின்னால் குந்தியபடி இருப்பான்.

அப்பாவுக்கு ஒரே யோசனை, அகதியாக ஏற்றுக்கொள்ளக் கேட்கிற அசூல் விசாரணை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனை முன்னால் இருத்திப் பாடமாக்குவார்.

“என்னெண்டு சொல்லுவாய்?”

“ஆமிக்குப் பயந்து வெளிக்கிட்டனான்.”

“துவக்குத் தூக்கினனீயோ?”

“இல்லை.”

“கண்டனீயோ?”

“இல்லை.”

“அப்பிடி இல்லை. கேட்ட உடனை சொல்ல வேணும். யோசிக்கக் கூடாது. துவக்குத் தூக்கினவன் எண்டு தெரிஞ்சால் அடுத்த பிளேனிலை ஏத்திப் போடுவாங்கள். விளங்குதோ?”

அண்ணன் தலையை ஆட்டுவான். நான் அறைக் கதவோரம் நின்று கேட்பேன். அடுத்த பிளேன் என்றால் அது எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கும் என்றுதான் நினைத்தேன். படியில் காலடிச் சத்தம் கேட்டால் அது அவனை ஏற்றிப்போக வந்தவர்கள்தான் என்று போர்வைக்குள் சுருண்டுகொள்வேன்.

கோடை தொடங்கியதும் அந்த நகரத்தில் ஜேர்மன்காரருடைய ஷூட்சன்பெஸ்ட் வந்தது. துப்பாக்கிச் சங்கத்தின் திருவிழா. இப்போது நாங்களே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே பொரித்த சொசேஜ் வாங்கிக் கொடுக்கிறோம். அப்போது எனக்கு அது இரண்டாவது வருடம், அம்மாவும் நானும் கோவிலில் அவர்களைக் கண்டிருக்கிறோம். பச்சை ஜக்கெட், தொப்பியில் இறகு, தோளில் மரத் துவக்கு, கொடி பிடித்துப் பூசைக்கு வருவார்கள். பிறகு மேளத்தோடு ஊர்வலம் போய், உயரமான கம்பத்தில் வைத்த மரப் பறவையைச் சுடுவார்கள். கடைசித் துண்டை விழுத்துகிறவர்தான் அந்த வருட ராசா. எங்களுக்கு அது ஒரு வேடிக்கை. அண்ணனுக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு முற்பகல். நானும் அம்மாவும் பூசையால் வந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தோம். மேளம் தெரு முனையில் திரும்பியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வரிசை வரிசையாகச் சப்பாத்துகள், கட்டளை போடுகிற குரல். எங்கள் கடைக்கு முன்னால் வந்ததும் எங்கோ வெடி முழங்கியது, ஒன்றல்ல, தொடர்ந்து. கீழே குசினியில் கோப்பைகள் சிமெந்தில் விழுந்து நொறுங்குகிற சத்தம். பின் கதவு அடித்தது.

நாங்கள் இறங்கிப் போனபோது அப்பா வெறுங்கையோடு நின்றார். தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் இல்லை.

முதலில் முற்றம், பிறகு பஸ் தரிப்பு, பிறகு ஸ்டேசன். ஊர் முழுக்கச் சனம். பச்சை ஜக்கெட்டுகளுக்குள் அம்மா இடித்துக்கொண்டு ஓடினா. அவவின் வாயில் அந்தோனியாரே, அந்தோனியாரே என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. சுரங்கப்பாதையில் மொட்டையர் கூட்டம் நின்றது. அப்பா அன்றைக்கு ஓடச் சொல்லவில்லை, நேராக அவர்களுக்குள் போய், கையால் உயரம் காட்டி, மகன், மகன் என்று கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். ஒருவன் கால்வாய்ப் பக்கம் கையைக் காட்டினான்.

கால்வாய்க்கரையில் புல்லின் விளிம்பில், தண்ணீருக்கு ஒரு முழம் இந்தப் பக்கம், நீலத் தொப்பி கிடந்தது.

அம்மா அதை எடுக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்துவிட்டா. அப்பா சப்பாத்தைக் கழற்றினார், பிறகு நீந்தத் தெரியாதவர் போல நின்றார். உண்மையிலேயே அவருக்கு நீந்தத் தெரியாது. தண்ணீர் பச்சையாக, ஒரு சுழி கூட இல்லாமல் கிடந்தது. சரக்குப் படகு ஒன்று மெதுவாகப் போனது. அதில் ஒரு பெண் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். தூரத்தில் கம்பத்துப் பறவையைச் சுடுகிற சத்தமும், ஒவ்வொரு துண்டு விழும்போதும் சனம் ஆரவாரிப்பதும் கேட்டது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், எனக்குத்தான் பாஷை தெரியும். படகு தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் தேரன்று கால்வாயைப் பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது கரை விளிம்பைத்தான்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. கடையில் பரிமாறுகிற பெண் சைக்கிளில் வந்து என்னிடம் ஜேர்மனில் சொன்னாள்: “வாருங்கள். ஆள் கிடைத்துவிட்டான். எங்கள் நிலவறைக்குள்தான்.”

கால்வாய் வரைக்கும் ஓடியிருக்கிறான். அங்கேயும் சங்கத்துக்காரர் நிற்க, தொப்பி விழுந்ததும் தெரியாமல் திரும்பி வந்து, கடையின் நிலவறையில் பியர்ப் பெட்டிகளுக்குப் பின்னால் புகுந்துவிட்டான். வெங்காயம் எடுக்க இறங்கிய சமையல்காரர்தான் கண்டிருக்கிறார். கூப்பிட்டும் வரவில்லையாம். இவர் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு இருந்து, வெங்காயம் உரித்து முடிக்குமட்டும் ஒன்றும் பேசாமல் இருந்தாராம். பிறகு அவனாகவே எழும்பி வந்தானாம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து கடை பூட்டியிருந்தது. குசினி மேசையில் அண்ணன் சூப்புக் கோப்பைக்கு முன்னால் இருந்தான். அப்பா உள்ளே போனதும் அவனை அறைந்தார். பிறகு அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தார். இரண்டும் ஒரே மூச்சில் நடந்தது.

சமையல்காரர் என்னிடம் ஜேர்மனில், “உன் அண்ணன் பட்டாளத்தில் இருந்தவனா?” என்று கேட்டார். நான் தமிழில் அப்பாவுக்குச் சொன்னேன். “இல்லையெண்டு சொல்லு” என்றார் அப்பா. சமையல்காரர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் சூப்பு ஊற்றி வைத்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார். வாக்கியம் வாக்கியமாக நான் தமிழில் சொன்னேன்.

அவர் சீனர் இல்லையாம், மஞ்சுவாம். எங்கள் ஊரில் மஞ்சு என்றால் பெட்டைப் பிள்ளையின் பெயர், எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. மஞ்சு என்பது ஒரு சனம், சீனாவைக் கடைசியாக ஆண்ட ராசாக்கள் அந்தச் சனம்தான் என்றார். அவருடைய தாத்தா மன்னராட்சி முடிய இருபது வருடத்துக்கு முன் பிறந்தவர். மஞ்சுச் சனம் நகரத்துக்குள்ளேயே தனி மதில் கட்டி இருப்பார்களாம். ஆண்பிள்ளை பிறந்தால் பட்டாளக் கணக்கில் பெயர் ஏறிவிடும். கடை வைக்க முடியாது, வயல் செய்ய முடியாது, சிப்பாயாகத்தான் இருக்கலாம். அதுவும் சும்மா இல்லை, வில் வளைத்துக் குறி தப்பாமல் விட்டுக் காட்டினால்தான் சம்பள அரிசி. உலகம் முழுக்கத் துவக்குக்கு மாறிய பிறகும் இவர்களுக்குச் சோதனை வில்லில்தான். தாத்தாவும் அவருடைய அண்ணனும் தோள் வீங்க வீங்கப் பழகினார்களாம். “வெளியே மரப் பறவையைச் சுடுகிறார்கள், விழுந்தால் பியர். என் தாத்தா தவறவிட்டால் வீட்டில் உலை வைக்கமாட்டார்கள்” என்றார்.

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

தாத்தா சோதனையில் தேறிக் கொஞ்சக் காலத்திலேயே ராசா விழுந்துவிட்டார். வெளியே இருந்த சீனச் சனம் மதிலுக்குள் புகுந்தது. தப்பி ஓடுகிறவர்களை வாசலில் மறித்து ஓர் எண்ணைச் சொல்லச் சொன்னார்கள். ஆறு வருகிற எண். மஞ்சுக்காரர் நாக்கில் அந்த ஆறு வேறு மாதிரி விழும். தாத்தாவின் அண்ணன் வாய் திறந்து சொன்னார். அந்த இடத்திலேயே வெட்டிவிட்டார்கள். அடுத்ததாக நின்ற தாத்தா, வாயைக் காட்டி, ஊமை என்று கையை விரித்தார். விட்டுவிட்டார்கள்.

நான் சொல்லி முடிக்க முதல் அப்பா தன் கதையைத் தொடங்கிவிட்டார். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் கொழும்பில் கலவரக்காரர் அவர் வந்த பஸ்ஸை மறித்து, ஒரு வாளியைக் காட்டி, இது என்ன என்று சிங்களத்தில் சொல்லச் சொன்னார்களாம். தமிழ் நாக்கென்றால் அந்தச் சொல்லிலேயே பிடிபட்டுவிடும். பக்கத்தில் இருந்த ஒரு சிங்கள மனுசி, இந்த ஆளுக்குப் பல்லு நோவு, கதைக்க ஏலாது என்று சொல்லித் தன் கைக்குட்டை லேஞ்சியை எடுத்து அப்பாவின் தாடையில் கட்டிவிட்டாவாம். அப்பா அதுவரை எங்களுக்கு இதைச் சொன்னதே இல்லை.

“பாத்தியே?” என்று அண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கினார். “வாயை மூடினவன் தப்பினான். திறந்தவன் போனான். இதைத்தான் நானும் சொல்லிறன்.”

முன்கதவில் கடை முதலாளி தட்டினார். அப்பா திறக்கப் போனார், அம்மா உடைந்த கோப்பைகளைக் கூட்டத் தும்புத்தடி தேடிப் போனா. அப்போது அண்ணன், வந்த நாளில் இருந்து தானாக ஒரு கேள்வியும் கேட்காதவன், என்னைப் பார்த்தான்.

“பிறகு என்ன நடந்தது எண்டு கேள்.”

கேட்டேன். சமையல்காரர் தோளைக் குலுக்கினார். தாத்தா வேறு ஊருக்குப் போய், குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டு, நூடில்ஸ் வண்டி தள்ளினாராம். ஊமையாகவே இருந்தாராம். கலவரம் ஓய்ந்து, கலியாணம் கட்டி, பிள்ளைகள் பிறந்த பிறகும் வீட்டுக்குள்ளேயே வாய் திறக்கவில்லை. சோறு வேண்டுமென்றால் விரலால் மேசையில் தட்டுவார். நித்திரையில் மட்டும் பேசுவார். “ஆறு, ஆறு, ஆறு என்று. என் அப்பாவுக்குத் தெரிந்த தாத்தாவின் குரல் அவ்வளவுதான்.”

நான் அதையும் தமிழில் சொன்னேன். அண்ணன் சூப்பைக் குடித்து முடித்தான்.

விசாரணை நாள் ஆடி மாதத்தில் வந்தது. அம்மாவுக்கு வேலை. வழி கேட்கவும் பலகை வாசிக்கவும் ஆள் வேண்டும் என்று அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ரயிலில் போகும்போது கேள்வியும் பதிலுமாக அண்ணனை ஒருமுறை ஒப்புவிக்க வைத்தார். அவன் தடங்கலில்லாமல் சொன்னான். அப்பாவுக்குத் திருப்தி. விசாரணை நடக்கிற கந்தோரில் அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நாங்கள் நடைக்கூடத்து மர வாங்கில் இருந்தோம். அந்தத் தரையின் மெழுகு மணம் இப்போதும் ஏதாவது அரச கந்தோருக்குள் போனால் எனக்கு அந்த வாங்கை ஞாபகப்படுத்தும். மத்தியானம் கடந்தது. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் போய்விட்டார்கள். அப்பா வாங்கில் இருந்து எழும்பி எழும்பி இருந்தார். “ஏன் இவ்வளவு நேரம்? நான் சொல்லிக்குடுத்தது ஒரு நிமிசத்துக் கதைதானே” என்று என்னைக் கேட்டார். என்னைக் கேட்டு என்ன பயன்.

கதவு திறந்து அண்ணன் வந்தான். மொழிபெயர்க்க வந்த தமிழர் அவனுக்குப் பின்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு போனார்.

“சொன்னபடி சொன்னியோ?”

“இல்லை அப்பா. எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்.”

“என்னத்தை?”

“துவக்குத் தந்தது, காவலுக்கு நிண்டது, அவன் செத்தது. எல்லாம்.”

அப்பா வாயைத் திறந்தார். ஏச்சுத்தான் வரும் என்று நான் கண்ணை மூடினேன்.

“ஆர் செத்தது?” என்றார் அப்பா.

அங்கேயே, அந்த வாங்கிலேயே சொன்னான். சந்தியில் பிடிபட்டபோது சைக்கிளில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். அவனோடு ரியூசனுக்கு டபிள்ஸ் வருகிற கூட்டாளி, எங்கள் வீட்டுக் குசினியில் எத்தனையோ நாள் சாப்பிட்டவன். இருவருக்கும் ஒன்றாகத்தான் தலை வழித்தார்கள். தங்களை விட வயது கூடிய துவக்குகளைக் கொடுத்து ஒரு பனங்காணியில் காவலுக்கு விட்டார்கள். படை கப்பலேறிய பிறகு, அந்தப் படையோடு சண்டை பிடித்த மற்றப் பக்கத்தார் வந்தார்கள். கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரச் சொன்னார்கள். அண்ணன் தூக்கினான். கூட்டாளிக்குக் காய்ச்சல், ஒரு கையால் துவக்கை ஊன்றித்தான் எழும்பினான். துவக்கை எடுக்கிறான் என்று சுட்டுவிட்டார்கள். கையை இறக்காமல் நின்ற அண்ணனை விட்டுவிட்டார்கள். அவனுடைய தாய்க்கு இன்னும் தெரியாது. பெடியன் எங்கேயோ தப்பி ஓடிவிட்டான் என்று அந்த மனுசி இருக்கிறா.

அப்பா வாங்கில் அவனுக்குப் பக்கத்தில் நெருங்கி இருந்தார். பிறகு, “அந்தப் பிள்ளையின்ரை தாய்க்கு நான் சொல்லிறன். நீ சொல்ல வேண்டாம். நான் சொல்லிறன்” என்றார். சொன்னார். அடுத்த கிழமை மாமா வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, அந்தத் தாயைக் கூப்பிட்டு, நின்றபடியே சொன்னார். மறுமுனையில் கேட்ட சத்தம் அறைக்குள் எல்லோருக்கும் கேட்டது.

அண்ணனின் அசூலை மறுத்துவிட்டார்கள். அவன் தன் நாட்டிலேயே வேறு பகுதியில் பயமில்லாமல் வாழலாம் என்று எழுதியிருந்தார்கள். துவக்கைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அப்பா அவ்வளவு பாடுபட்டு மறைக்கச் சொன்னதையோ, அவன் அவ்வளவு பாடுபட்டுச் சொன்னதையோ அவர்கள் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. பிறகு பல வருடம் டுல்டுங் என்கிற தற்காலிகக் கடதாசியில், ஒவ்வொரு முறையும் புதுப்பித்துப் புதுப்பித்து இழுபட்டான். அந்த வருடங்களின் பயத்தை வேறாக எழுத வேண்டும். இப்போது அவன் பேர்லினில் நொய்கெல்ன் பக்கம் பஸ் ஓட்டுகிறான். தலையில் முடி இல்லை, அது வயதால். கோடை விழாக்காலத்தில் லீவு எடுத்து எங்காவது கடற்கரைக்குப் போய்விடுவான். ஏன் என்று அவன் பிள்ளைகளுக்குத் தெரியும். சொல்லித்தான் வளர்த்திருக்கிறான்.

விசாரணை முடிந்து நாங்கள் திரும்பிய ரயிலில் சனம் குறைவு. அண்ணன் ஜன்னல் பக்கம், அப்பா நடுவில், எதிரே நான். ரயில் நகரத்தைத் தாண்டி வயல்களுக்குள் போக முதலே அண்ணனின் தலை அப்பாவின் தோளில் சரிந்தது. வாய் திறந்திருந்தது. அவன் வந்த பிறகு பகல் வெளிச்சத்தில் நித்திரை கொண்டு நான் கண்டது அதுதான் முதல் தடவை. குறட்டை கூட விட்டான். ரிக்கற் பார்க்கிறவர் நீலச் சீருடையில், இடுப்பில் தோல்பையோடு, பெட்டிக்குள் வந்து உரத்த குரலில் எல்லோரிடமும் ரிக்கற் கேட்டார். எங்கள் பக்கம் திரும்பினார். அப்பா தோளை அசைக்காமல் மற்றக் கையால் மூன்று ரிக்கற்றையும் நீட்டினார். பிறகு, ஜேர்மன்காரர் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காத என் அப்பா, அந்த மனிதரின் முகத்தை நேராகப் பார்த்து, சுட்டுவிரலைத் தன் உதட்டில் வைத்தார்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, நுனிக்காலில் அடுத்த இருக்கைக்குப் போனார்.